மழைக்கு முன்னால் காசு வாங்குவது எப்படி? நீலகிரி ஊர்க்காரர்களுக்குச் சில குறிப்புகள்

எங்கள் ஊர் கோத்தகிரிப் பக்கம். ஐம்பது வீடு இருக்கும். மேலே தேயிலை, கீழே தேயிலை, நடுவே ஒரு தார் ரோடு. ரோட்டுக்கு அடியில் இரண்டடி விட்டத்தில் ஒரு குழாய்ப் பாலம் போகிறது. சில வருஷம் முன்பு ஐப்பசி மழைக்கு மறுநாள் அதன் வாயில் குனிந்து பார்த்தேன். கவாத்துக் குச்சி, உரச்சாக்கு, பிஸ்கட் உறை, யாருடையதோ ஒற்றைச் செருப்பு, இதற்கெல்லாம் மேல் பூசி மெழுகினாற்போல் செம்மண் சேறு. என் கை மட்டும் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. உள்ளே போக முடியாத தண்ணீர் ரோட்டைத் தாண்டி, கீழ்வீட்டுக்குப் பின்னால் இருந்த தடுப்புச் சுவரின் முதுகில் இறங்கி, சுவரை வயிறு தள்ள வைத்து, விடிகிற நேரத்தில் சாய்த்துவிட்டது. நல்லவேளை, அந்த வீட்டுக்காரர்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். சுவர் கட்டி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. தண்ணீர் வடிய வடிகண் என்கிற ஓர் ஓட்டைகூட விடாமல் கட்டியிருந்தார்கள்.

அப்புறம் எல்லோரும் வந்தார்கள், படம் எடுத்தார்கள், மணல் மூட்டை அடுக்கினார்கள். சில மாதத்தில் சுவரைத் திரும்பவும் கட்டியும் கொடுத்தார்கள், பழையதைவிட ஓரடி உயரமாக. குழாய் அப்படியே இருந்தது.

அந்தக் குழாயை மாற்ற நாங்கள் நாலு பேர் மூன்று வருஷம் அலைந்தோம். அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். மலையில் சுவருக்குப் பணம் கேட்டால் சுலபமாகக் கிடைக்கும், ஏனென்றால் சுவர் கண்ணுக்குத் தெரியும், கல்வெட்டுப் பலகை வைக்க இடமும் இருக்கும். வாய்க்காலுக்குக் கேட்டால் யாருக்கும் சுவாரஸ்யம் வராது. ஆனால் நமக்கு வேண்டியது பெரும்பாலும் வாய்க்கால்தான். 1978, 1979, 1993 (குன்னூர் மலைப்பாதையில் மரப்பாலம் என்ற இடத்தில்), 2009, 2019 என்று இந்த மாவட்டத்தில் மண் சரிந்த எந்த வருஷத்தை எடுத்தாலும் கதை ஒன்றுதான். தண்ணீர் போக வழியில்லாமல் மண்ணுக்குள் இறங்கி, மண் கனத்து, அடியில் பாறையோடு இருந்த பிடி விட்டுப்போகிறது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது, மாவட்டம் முழுக்க நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் ஒரே நாளில் 800 மி.மீ.யைத் தாண்டியது. அந்த மாதிரி மழைக்கு எந்தச் சுவரும் ஈடுகொடுக்காது. அதற்குக் கீழே இருக்கிற சாதாரணக் கனமழைக்கு, தண்ணீரைக் கையைப் பிடித்து ஓடை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டால் போதும்.

பணத்தைத் தேடுமுன் தண்ணீரைத் தேடுங்கள்

மழை பெய்யும்போது குடையை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். வெயிலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஊருக்கு மேலே, தண்ணீர் எங்கிருந்து சேர்கிறதோ அங்கிருந்து நடக்கத் தொடங்கிக் கடைசி ஓடை வரைக்கும் இறங்குங்கள். எங்கே வாய்க்கால் திடீரென்று முடிகிறது, எங்கே யாரோ கேட் போட வசதியாக மூடிவிட்டார்கள், எந்த வீட்டுக் கூரைத் தண்ணீர் நேராகச் சரிவில் விழுகிறது, எந்தச் சுவரில் வடிகண் இல்லை அல்லது இருந்தும் ஒரு சொட்டுகூட வரவில்லை (மழை கொட்டும்போது வடிகண் காய்ந்து கிடந்தால் அது அடைத்திருக்கிறது என்று அர்த்தம்) எல்லாவற்றையும் போனில் படமெடுங்கள், இடக்குறியை ஆன் செய்துவிட்டு. நாங்கள் முதல் நாள் எடுத்த நாற்பது படத்திலும் இடம் பதிவாகவில்லை, திரும்பவும் ஒருமுறை நனைந்தோம்.

சரிவில் கோடுபோல விரிசல் தெரிந்தால் அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சி அடித்து, நடுவில் இருக்கும் தூரத்தை டேப்பில் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை அளந்தால் போதும். சில்வர் ஓக் மரம் சாய்ந்துகொண்டே வருவது, கதவு திடீரென்று இறுகுவது, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது இதெல்லாம் எழுத வேண்டிய சங்கதிகள். ஆனால் இடைவெளி கூடிக்கொண்டே போனால் மனு எழுதிக்கொண்டிருக்காதீர்கள், கீழே இருப்பவர்களை வெளியேறச் சொல்லிவிட்டு 1077க்குப் போன் செய்யுங்கள்.

இன்னொரு வேலை, உங்கள் ஊர் மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. நீலகிரியில் 283 இடங்களை ஆபத்தான பகுதிகள் என்று மாவட்ட நிர்வாகம் பட்டியலிட்டிருக்கிறது. பட்டியலில் உங்கள் ஊர் இருந்தால் மனுவின் முதல் வரியிலேயே அதை எழுதுங்கள், அந்த ஒரு வரி பத்துப் படத்துக்குச் சமம். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி வட்டாட்சியருக்கு முதலில் ஒரு மனு. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் நிலச்சரிவு முன்னறிவிப்பை முதலில் சோதித்துப் பார்த்த இடங்களில் டார்ஜிலிங்கோடு நீலகிரியும் ஒன்று. அவர்களுடைய நிலச்சரிவு வாய்ப்பு வரைபடத்தில் உங்கள் சரிவு எந்த நிறத்தில் வருகிறது என்று பார்த்து அந்தப் பக்கத்தையும் அச்செடுத்து இணைத்துவிடுங்கள்.

நிலம் யாருடையது?

எங்கள் முதல் ஒரு வருஷம் வீணானது இந்தக் கேள்வியைக் கேட்காததால்தான். வாய்க்கால் ஊருக்குள் நூறு மீட்டர், அதற்கு மேல் எஸ்டேட்டுக்குள் நாற்பது மீட்டர். மதிப்பீடு போட வந்த ஓவர்சியர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, 'தனியார் நிலத்தில் ஊராட்சிக் காசைப் போட முடியாதுங்க' என்றார். அவர் சொன்னது சரிதான். எஸ்டேட்காரர் அந்தக் கீற்று நிலத்தை ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கு அவரைச் சம்மதிக்க வைக்க எங்களுக்கு எட்டு மாசம் ஆனது. உங்கள் சரிவு மாநில நெடுஞ்சாலைக்கு ஓரமாக இருந்தால் அது நெடுஞ்சாலைத் துறை வேலை, ஊராட்சியில் கேட்பது வீண். ஊட்டி, கோத்தகிரி ரோடுகளில் சரிவுக்குள் கம்பி செலுத்தி மேலே புல் வளர்க்கிற முறையை அந்தத் துறைதான் செய்கிறது, உள்ளாட்சி நிதிக்கு எட்டாத செலவு அது.

வன நிலமாக இருந்தால் இன்னொரு பாதை. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவில் சாலை, குடிநீர்க் குழாய், மழைநீர் சேகரிப்பு போன்ற பதின்மூன்று வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராம சபை பரிந்துரைத்தால் நிலம் ஒதுக்கலாம். இருளர், குறும்பர், பணியர் குடியிருப்புகளுக்கு இது பெரிய வசதி, பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் செக்‌ஷன் 17 நிலம் என்றால் வேறு தலைவலி. ஜென்மிகள் என்ற பெருநிலக்காரர்களின் நிலத்தை அரசு எடுத்துக்கொண்ட 1969 ஜென்ம ஒழிப்புச் சட்டத்திலிருந்து வருகிற தகராறு அது, அந்த நிலத்தில் நிரந்தரக் கட்டுமானம் எதற்கும் அனுமதி வாங்குவது குதிரைக்கொம்பு. அங்கே இருப்பவர்கள் வாய்க்காலின் பாதையை வருவாய்ப் புறம்போக்கு வழியாகத் திருப்ப முடியுமா என்று சர்வேயரோடு முதலில் பார்த்துவிட வேண்டும்.

ஜேசிபி விஷயமும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரத்தை இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். நல்ல காரியம்தானே என்று இரவில் இறக்கி வேலை பார்த்து, வண்டியோடு மாட்டிக்கொண்டவர்களைத் தெரியும்.

எந்தப் பணம், எந்தக் கதவு

பேரிடருக்கென்று மாநிலத்திடம் இருக்கும் பணம் இரண்டு பை. ஒன்று நிவாரணம், இன்னொன்று தணிப்பு. மத்திய வரிப்பணத்தை மாநிலங்களுக்குப் பங்கிட்டுச் சொல்கிற 15வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கும் வகுத்தபடி மொத்தத்தில் 80 சதவீதம் நிவாரணப் பைக்கு, 20 சதவீதம் தணிப்புப் பைக்கு. இதில் மத்திய அரசு முக்கால் பங்கு, மாநிலம் கால் பங்கு. வெள்ளம் வந்த பிறகு நமக்குக் கிடைப்பதெல்லாம் முதல் பையிலிருந்து. மலையில் வீடு முழுசாக இடிந்தால் 2022 முதல் 2026 வரைக்குமான மத்திய விதிப்படி 1.30 லட்ச ரூபாய். விழுந்த மண்ணை லாரியில் ஏற்றி வெளியே கொட்டவே அதில் பாதி போய்விடும். புதிதாக வாய்க்கால் வெட்ட அந்தப் பையில் கைவைக்க முடியாது. மனுவில் 'வெள்ள நிவாரண நிதியிலிருந்து வாய்க்கால் அமைத்துத் தருமாறு' என்று எழுதினால், படிக்கிறவருக்கு அதை மூடி வைக்க நாமே காரணம் எழுதிக் கொடுத்த மாதிரி. எங்கள் முதல் மனு அப்படித்தான் போனது.

நமக்கு வேண்டியது தணிப்புப் பை, ஆனால் அது உயரத்தில் தொங்குகிறது. ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வழியாகச் சென்னைக்கு, வருவாய் நிர்வாக ஆணையரிடம் போக வேண்டும். ஆறு லட்ச ரூபாய் வாய்க்காலுக்காக அந்தக் கதவு திறக்காது. ஒரே ஓடையில் வந்து சேருகிற ஏழெட்டு ஊர்கள் சேர்ந்து, ஓடையின் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரே திட்டமாகப் போட்டுக் கொடுத்தால் பேச்சுக்கு எடுப்பார்கள். தேசிய அளவிலும் ஒன்று இருக்கிறது: 2024 நவம்பரில் நிலச்சரிவு அபாயத்தைக் குறைக்க 15 மாநிலங்களுக்கு 1,000 கோடி ஒதுக்கினார்கள், தமிழ்நாட்டுக்கு 50 கோடி, கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தலா 72 கோடி. உங்கள் மாவட்ட ஆணையத்திடம் இந்த 50 கோடியைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 'ஏதாவது நிதியிலிருந்து' என்று கேட்பவருக்கும் நிதியின் பெயரைச் சொல்லிக் கேட்பவருக்கும் கிடைக்கிற பதில் வேறு வேறாக இருப்பதைப் பல தடவை பார்த்துவிட்டேன்.

ஊர் அளவில் உடனே எட்டக்கூடியது ஊராட்சியின் சொந்தக் கையிலிருக்கும் காசு. வீட்டு வரி வசூல், மாநில நிதிக்குழு மானியம் (மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு வருகிறது), மத்திய நிதிக்குழு மானியம். கடைசியில் சொன்னதுதான் சூட்சுமமானது. 15வது நிதிக்குழுவில் அதை மூன்றாகப் பிரித்தார்கள். 40 சதவீதம் ஊராட்சி விரும்பிய வேலைக்கு, சம்பளம் மட்டும் கூடாது. 30 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. மீதி 30 சுகாதாரத்துக்கு. மழைநீர் வாய்க்கால் 40இல் வரும். வீட்டுக் கழிவுநீரைச் சரிவில் விடாமல் கொண்டுபோகும் வேலையைச் சுகாதாரத் தலைப்பில் கேட்கலாம், அதுவும் நமக்கு வெள்ளத் தடுப்புதான், ஏனென்றால் வருஷம் முழுக்க நனைந்து கிடக்கிற சரிவுதான் மழையில் முதலில் போகிறது. 2026 ஏப்ரலிலிருந்து 16வது நிதிக்குழுவின் காலம். பங்கு விகிதத்துக்கு நடப்பு அரசாணை நகலை ஒன்றிய அலுவலகத்தில் கேட்டு வாங்கிவிட்டுத் தீர்மானத்தை எழுதுங்கள்.

இந்த மழைநீர் சேகரிப்பு என்ற சொல்லிடம் ஜாக்கிரதையாக இருங்கள். சமவெளிக்காரர்களுக்கு அது புண்ணியம். மலைச் சரிவில் குழி வெட்டித் தண்ணீரை மண்ணுக்குள் இறக்குவது, ஏற்கெனவே கனத்த மண்ணை இன்னும் கனக்க வைக்கிற வேலை. அந்தத் தலைப்பில் காசு இருக்கிறதே என்று வீடுகளுக்கு மேலே உறிஞ்சுகுழி வெட்ட வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அதே தலைப்பில் கசியாத தொட்டி கேளுங்கள். நூறு நாள் வேலையில் சரிவுக்குக் குறுக்கே வெட்டுகிற அகழிகளுக்கும் இதே எச்சரிக்கை. காடும் சோலையும் இருக்கும் மேட்டில் அது நல்லது, கீழே வீடு இருக்கும் செங்குத்துச் சரிவில் நல்லதல்ல. இதைச் சொன்னதற்காகக் கிராம சபையில் என்னை 'தண்ணிக்கு எதிரி' என்று ஒரு பெரியவர் கிண்டல் செய்தார். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

நூறு நாள் வேலையைப் பற்றி ஒன்று. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதியதை நிறைவேற்றியது, 125 நாள் வேலை என்கிறது. அதன் நாலு வேலைத் தலைப்புகளில் ஒன்று கடும் வானிலையின் பாதிப்பைக் குறைக்கும் பணிகள். நாம் கேட்பது நேராக அதற்குள் வருகிறது. வாய்க்கால் தூர்வாருவது, கல் அடுக்கி ஓடைக்கரை கட்டுவது, வெட்டிவேர் நடுவது இதெல்லாம் ஆள் கூலி அதிகம், பொருள் செலவு குறைவு. கான்கிரீட் வேலையை ஊராட்சி நிதிக்கும், மண் வேலையை இதற்கும் பிரித்துப் போட்டால் இரண்டு பையும் கனக்காது.

எம்.எல்.ஏ. தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி, எம்.பி. நிதி 5 கோடி. எம்.பி.யின் ஐந்து கோடி நீலகிரிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், அந்தத் தொகுதியில் மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகரும் உண்டு. மலைக்கு மட்டும் உள்ளது எச்.ஏ.டி.பி. என்று எல்லோரும் சொல்கிற மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம். ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்திலிருந்து நீலகிரிக்கு இருக்கிறது. மத்திய அரசு கைவிட்ட பிறகு மாநிலம் தன் காசில் சிறப்புப் பகுதி மேம்பாட்டுத் திட்டம் என்று நடத்துகிறது. மண் அரிப்பைத் தடுக்கும் வேலைகள் அதில் பழைய வழக்கம் என்பதால் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்திலும் ஒரு நடை போய்ப் பாருங்கள். கொடைக்கானல், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் படிக்கிறவர்களுக்கு: உங்களுக்கு இதே திட்டம் மேற்குத் தொடர்ச்சி மலை மேம்பாடு என்ற பெயரில் வந்தது, கதவு திண்டுக்கல்லில். மற்றபடி இங்கே சொல்கிறதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

நமக்கு நாமே திட்டத்தை நான் கடைசியில்தான் கண்டுகொண்டேன், முதலிலேயே போயிருக்க வேண்டும். ஊர் மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைக் கட்டினால் மீதியை அரசு போடும். கிராமப்புறத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும். பங்கை ஊர்தான் தர வேண்டும் என்றில்லை, தேயிலை ஃபாக்டரி தரலாம், வெளியூரில் இருக்கும் பையன்கள் தரலாம். எங்கள் ஊரில் கோயில் திருவிழாவுக்கு வசூலிக்கும் அதே நோட்டில் வீடு வாரியாக எழுதி வசூலித்தோம், மறுத்தவர் இரண்டே பேர். அதில் ஒருவர் திருவிழாவுக்கும் தராதவர்.

நகராட்சி, பேரூராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இல்லை, பகுதி சபை உண்டு. வார்டு கவுன்சிலரைப் பிடித்து அதில் பதிவு செய்யுங்கள், பிறகு மன்றத் தீர்மானம். ஊட்டியில் கோடப்பமந்து கால்வாய் மாதிரி ஊர் முழுக்கத் தண்ணீரை ஏரிக்குக் கொண்டுபோகிற பெரிய கால்வாய்க்கு நகராட்சியின் சொந்த வருமானம் போதாது, அதெல்லாம் மாநிலத் திட்டங்களில்தான். உங்கள் தெருவின் கிளை வாய்க்காலை மட்டும் கேட்டால் வேலை நடக்கும். மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கம் என்றும் ஒன்று இருக்கிறது, ஆட்சியர் தலைமை, மாவட்ட வன அலுவலர் பொறுப்பு. சதுப்பு நிலம் மீட்க, அந்நிய மரம் எடுத்துச் சோலை வளர்க்க அங்கே போங்கள், கான்கிரீட் கேட்டுப் போக வேண்டாம்.

தீர்மானத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள்

கிராம சபை வருஷத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நமக்கு வேண்டியது அக்டோபர் 2. அன்று தொடங்கி ஜனவரி கடைசி வரைக்கும்தான் அடுத்த வருஷத்துக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாராகிறது. அதில் ஏறாத வேலைக்கு மத்திய மானியத்தில் காசு இல்லை. ஏறியதா என்று இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பார்த்துவிடுங்கள், 'ஏத்திட்டோம்' என்ற வாய்வார்த்தையை நம்பி நாங்கள் ஒரு வருஷம் இழந்தோம். குறைவெண்ணும் கவனம்: ஐந்நூறுக்கு மேல் மூவாயிரம் பேர் வரைக்கும் உள்ள ஊராட்சிக்கு நூறு பேர், பத்தாயிரம் வரைக்கும் இருநூறு, அதற்கு மேல் முந்நூறு பேர் வர வேண்டும். மலையில் ஓர் ஊராட்சி என்பது ஒரு ஊர் அல்ல, நாலு மேடு தாண்டி இருக்கும் ஊர்களின் கூட்டம். மற்ற ஊர்க்காரர்களிடம் முன்கூட்டியே பேசி, உங்கள் ரோட்டுக்கு நாங்கள் கை தூக்குகிறோம், எங்கள் வாய்க்காலுக்கு நீங்கள் தூக்குங்கள் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஒரு ஜீப்பில் ஆளைக் கூட்டிப் போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

தீர்மானத்தை அங்கே போய் வாயால் சொன்னால் 'வடிகால் வசதி செய்து தர வேண்டும்' என்று ஒரு வரி எழுதுவார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் இரண்டாவது தீர்மானம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"மேல் ஊர் நீர்த்தொட்டி முதல் தார் சாலைச் சிறுபாலம் வரை 140 மீட்டர் நீளத்துக்கு, ஒன்றரை அடி அகலம் இரண்டடி ஆழத்தில் படிகளுடன் கூடிய கல் வாய்க்காலும், மேற்படி இரண்டடி குழாயை எடுத்துவிட்டு நாலடி அகலப் பெட்டி வடிவச் சிறுபாலமும் அமைக்க வேண்டும். கீழ்ப்புறம் 11 வீடுகள் உள்ளன. சென்ற ஆண்டு மழையில் தடுப்புச் சுவர் விழுந்த இடம் இதுவே. வாய்க்காலுக்கான நிலம் ஊராட்சியின் பெயரில் உள்ளது, பத்திர நகல் இணைக்கப்பட்டுள்ளது. மத்திய நிதிக்குழு மானியத்தின் கட்டுப்பாடற்ற பங்கிலிருந்தும், போதாத தொகைக்கு நமக்கு நாமே திட்டத்திலிருந்தும் மேற்கொள்ளத் தீர்மானிக்கப்படுகிறது."

நீளம், அகலம், எத்தனை வீடு, நிலம் யாருடையது, எந்தக் காசு. இந்த ஐந்தும் இருந்தால் அதைப் படிக்கிற பொறியாளருக்குத் திருப்பிக் கேட்க ஒன்றும் இல்லை. எழுதியதும் தீர்மானப் பதிவேட்டில் பக்கத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள், எண்ணோடும் தேதியோடும்.

ஊரகத்தில் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவர் இல்லாத நேரத்தில் மனு யாரிடம் என்று பலர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். கையெழுத்துப் போடுகிறவர் வட்டார வளர்ச்சி அலுவலர், அவ்வளவுதான் வித்தியாசம். ஊராட்சிச் செயலரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். எந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

காலம் பார்த்து

கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் உங்கள் எதிரி ஜூன் முதல் ஆகஸ்ட். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர். ஒரே மாவட்டம் என்று ஒரே நாட்காட்டி போட்டு டெண்டர் விடுவார்கள், ஜூலையில் பந்தலூரில் கான்கிரீட் போட ஆள் வந்து நிற்பான். உங்கள் பக்கத்துக்கு எந்த மாதம் காய்ந்திருக்கும் என்று தீர்மானத்திலேயே எழுதலாம். மே மாதம் வேண்டாம், சீசன் கூட்டத்தில் ஜல்லி லாரி மேட்டுப்பாளையத்திலேயே நிற்கும். தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் புது வேலை எதையும் தொடங்க மாட்டார்கள், நிர்வாக அனுமதியும் வேலை உத்தரவும் அதற்கு முன்பே கைக்கு வந்தாக வேண்டும்.

அனுமதி இரண்டு: நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி. முதலாவது வந்ததுமே வேலை வந்துவிட்டதாக நினைத்து லட்டு கொடுக்காதீர்கள். நாங்கள் கொடுத்தோம்.

மனு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மறுபடி கொடுத்து எண் வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில், இன்ன எண் மனு எந்த மேசையில் எத்தனை நாள் இருந்தது என்று மட்டும் கேளுங்கள். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள், 'ஏன்' என்பதற்கு அந்தச் சட்டத்தில் பதில் தர வேண்டியதில்லை. மேசை, நாள் இரண்டையும் கேட்டால் முப்பது நாளுக்குள் பதிலும் வரும், பெரும்பாலும் அதற்கு முன்பே கோப்பு நகர்ந்துவிடும்.

வேலை நடக்கும்போது ஊரில் யாராவது ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். சுவர் என்றால் வடிகண் இருக்கிறதா, சுவருக்குப் பின்னால் வெட்டிய மண்ணையே திரும்ப நிரப்பாமல் கல்லும் ஜல்லியும் போடுகிறார்களா. செங்குத்தான வாய்க்கால் என்றால் படி இருக்கிறதா. வழவழப்பாகப் பூசிவிட்டால் தண்ணீர் துப்பாக்கி ரவை மாதிரி போய் முடிகிற இடத்தில் குழி பறித்துவிடும். அப்புறம் அது முடிகிற இடம். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். காசு தீர்ந்த இடத்தில் வாய்க்கால் நின்றுவிட்டால் நம் ஆபத்தைப் பக்கத்து ஊருக்குப் பார்சல் கட்டி அனுப்பியதாகத்தான் அர்த்தம். ஓடை வரைக்கும் காசு போதாதென்றால், கீழிருந்து மேலே கட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள், மேல்பகுதி அடுத்த வருஷம் வரட்டும். எங்கள் ஒப்பந்தக்காரர் நீர்த்தொட்டியிலிருந்து தொடங்கினால் பொருள் இறக்கச் சுலபம் என்று மேலிருந்து ஆரம்பித்துவிட்டார், இரண்டு நாள் வேலையை நிறுத்தி அவரோடு மல்லுக்கு நின்றோம்.

குழாய் போய்ப் பெட்டிப் பாலம் வந்துவிட்டது. வாயில் ஓர் இரும்புச் சட்டம் வைத்திருக்கிறோம், குச்சியும் சாக்கும் அதில் மாட்டிக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்ய எந்தத் திட்டத்திலும் காசு தேடவில்லை. ஐப்பசி பிறந்ததிலிருந்து கார்த்திகை முடிகிறவரை ஞாயிறுதோறும் இரண்டு வீடு, கடப்பாரையும் கூடையும் கோயிலில் இருக்கும். இந்த வாரம் எங்கள் வீடும், வசூலுக்கு மறுத்த அந்த இரண்டு பேரில் ஒருவர் வீடும், அதாவது திருவிழாவுக்கும் தராதவர் வீடு. வருவதாகச் சொல்லியிருக்கிறார்.